ஆம்புலன்ஸ் எட்டாத இடத்தில்: மருத்துவருக்கும் தாதியருக்கும் வனாந்தர மருத்துவப் பயிற்சி

சிங்கப்பூரின் மிக உயரமான இடமான புக்கிட் தீமா 164 மீட்டரைத் தாண்டாது. அங்கே யாராவது கால் இடறி விழுந்தால் 995 எண்ணை அழைக்கலாம். குடிமைத் தற்காப்புப் படையின் ஆம்புலன்ஸ் பெரும்பாலும் 11 நிமிடங்களுக்குள் வந்துவிடும். முழு மருத்துவ வசதியை அடைய ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும் இடத்தில் செய்யப்படுவதுதான் வனாந்தர மருத்துவம் என்பது வழக்கமான வரையறை. காடு, மலை, நடுக்கடல் எல்லாம் இதில் அடங்கும். சாலைகள் அறுந்துபோன நிலநடுக்கப் பகுதியும் அடங்கும். அப்படிப் பார்த்தால் சிங்கப்பூரில் வனாந்தரமே இல்லை.

ஆனால் சிங்கப்பூரர்கள் வீட்டில் இருப்பதில்லையே. ஜூன், டிசம்பர் விடுமுறை வந்தால் கினபாலு, தியோமான், ரிஞ்சானி, நேப்பாளம் என்று கிளம்பிவிடுகிறோம். நம்மவர்கள் கைலாய யாத்திரைக்கும் வெள்ளியங்கிரிக்கும் குழுவாகப் போகிறார்கள். 2015 ஜூன் 5 அன்று மலேசியாவின் கினபாலு மலையை உலுக்கிய நிலநடுக்கத்தில் 18 பேர் உயிரிழந்தனர். சிங்கப்பூரிலிருந்து சென்ற பள்ளி மாணவர்களும் அவர்களில் உண்டு. இப்படிப் போகும் குழுக்களில் ஒரு டாக்டரோ தாதியோ இருப்பது தெரிந்துவிட்டால் போதும், மற்ற எல்லாரும் மருந்துப்பையை மறந்துவிடுவார்கள். அந்த ஒருவருக்காகத்தான் இந்தக் கட்டுரை.

கட்டடம் செய்யும் வேலை

பயிற்சிக்கு வரும் மருத்துவர்களுக்கு நோய்களைப் பற்றிய அறிவு குறைவாக இருப்பதில்லை. அவர்கள் கவனிக்காதது, மருத்துவமனையில் பாதி வேலையைக் கட்டடமே செய்துவிடுகிறது என்பதைத்தான். ஆக்சிஜன் சுவரிலிருந்து வருகிறது. ரத்தப் பரிசோதனை முடிவு திரையில் தெரிகிறது. சில மணி நேரத்தில் அடுத்த ஷிஃப்ட் ஆட்கள் வருகிறார்கள். நோயாளி மழையில் நனைவதில்லை, அவருக்குச் சிறுநீர் கழிக்க வேண்டுமென்றால் உதவவும் ஆள் உண்டு. காட்டில் இத்தனையும் உங்கள் பொறுப்பு.

ஆக்சிஜனையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆம்புலன்ஸ்களில் பார்க்கும் ‘ஈ’ அளவு சிலிண்டரில் ஏறத்தாழ 680 லிட்டர் இருக்கும். அவசரப் பிரிவில் பழகியபடி நிமிடத்துக்கு 15 லிட்டர் திறந்துவிட்டால் 45 நிமிடத்தில் தீர்ந்துவிடும். 2 லிட்டரில் வைத்தால் ஐந்தரை மணி நேரத்துக்கு மேல் வரும். மீட்புக்குழு வர ஆறு மணி நேரம் ஆகும் இடத்தில் இது மருத்துவ முடிவு மட்டுமல்ல, பங்கீட்டு முடிவும்கூட.

அதனால் பயிற்சி முழுவதும் மூன்று கேள்விகளைச் சுற்றியே நடக்கிறது. இப்போதே உயிரைப் பறிக்கக்கூடியது எது? அடுத்த 12 மணி நேரத்தில் இவர் என்ன ஆவார்? இங்கேயே இருப்பதா கிளம்புவதா, கிளம்பினால் எப்படி? முதல் கேள்விக்கு அவசரப் பிரிவு அனுபவம் நன்றாகவே கைகொடுக்கும். தேர்ந்த மருத்துவர்களும் தடுமாறுவது மற்ற இரண்டில்தான். மருத்துவமனையில் அவற்றுக்கு விடை சொல்ல வேண்டிய தேவை யாருக்கும் வந்ததில்லை.

ஒரு கணுக்கால், ஓர் இரவு

குனோங் தஹான் தீபகற்ப மலேசியாவின் மிக உயரமான மலை, 2,187 மீட்டர். தாமான் நெகாரா காட்டுக்குள் பல நாள் நடந்துதான் ஏற வேண்டும். இரண்டாம் நாள் மாலை 3 மணிக்கு, ஓடையைக் கடக்கும்போது 48 வயதுக்காரர் ஒருவர் வழுக்கி விழுகிறார் என்று வைத்துக்கொள்வோம். கணுக்கால் வெளிப்பக்கம் திரும்பிக் கிடக்கிறது. பாதம் வெளுத்துக் குளிர்ந்திருக்கிறது, விரல்கள் மரத்துப்போயிருக்கின்றன. சாலை 14 கிலோமீட்டர் தள்ளி. போனில் சிக்னல் இல்லை. குழுவில் மொத்தம் ஒன்பது பேர்.

பயிற்சி மைதானத்தில் இந்தக் காட்சியை நடத்தினால், எலும்பு முறிவை நன்கு அறிந்தவர்கள் நேராகக் கணுக்காலுக்குப் போவார்கள். ‘நோயாளி’ இன்னும் தண்ணீரிலேயே கிடப்பார். முதலில் இடம் பாதுகாப்பானதா என்று பார்க்க வேண்டும்: ஓடை பெருகுமா, மேலிருந்து பாறை விழுமா? அவரைத் தண்ணீரிலிருந்து வெளியே எடுத்த பிறகு, பெரிய ரத்தப்போக்கு, மூச்சுப்பாதை, சுவாசம், ரத்த ஓட்டம், பிறகு உடல்வெப்பமும் தலைக்காயமும் என்ற வரிசையில் பார்க்க வேண்டும். முதுகையும் தடவிப் பார்க்க வேண்டும். பயிற்றுநர்கள் வேண்டுமென்றே முதுகில் ஒரு காயத்தை ஒளித்து வைப்பார்கள், பாதிப் பேர் அதைத் தவறவிடுவார்கள்.

அடுத்துதான் கணுக்கால். மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்த பிறகு நேராக்குவது வழக்கம். இங்கே பாதத்துக்கு ரத்தம் போகவில்லை, எக்ஸ்ரேயும் இல்லை. எனவே இப்போதே நேராக்க வேண்டும். வலிக்கு பாராசிட்டமால் 1 கிராம், இபுப்ரோஃபென் 400 மி.கி. கொடுக்கலாம். பென்த்ராக்ஸ் இன்ஹேலர் இருந்தால் 3 மி.லி. நல்ல பலன் தரும். முழங்காலை மடக்கினால் கெண்டைத்தசை தளரும். ஒருவர் முழங்காலுக்குக் கீழே பிடித்துக்கொள்ள, மற்றவர் குதிகாலையும் பாதத்தின் மேற்புறத்தையும் பிடித்து ஒரே சீராக இழுத்தபடி நேர்க்கோட்டுக்குக் கொண்டுவர வேண்டும். வெட்டி இழுப்பது தவறு. உறுதியாகத் தடுத்தால் நிறுத்திவிட வேண்டும். நாடித்துடிப்பு, உணர்ச்சி, அசைவு மூன்றையும் முன்னும் பின்னும் பார்த்து நேரத்தோடு எழுதி வைக்க வேண்டும்.

பிறகு கட்டு. வளைக்கக்கூடிய சாம் ஸ்பிளிண்ட் இருந்தால் குதிகாலுக்கு அடியில் கொடுத்து இருபுறமும் மேலே கொண்டுவரலாம். இல்லையென்றால் உறங்கும் பாயைச் சுற்றிக் கட்டலாம். எலும்பு முட்டும் இடங்களில் துணி வைக்க வேண்டும், விரல் நுனிகள் வெளியே தெரிய வேண்டும். முதல் ஒரு மணி நேரம் 15 நிமிடத்துக்கு ஒரு முறையும், பிறகு மணிக்கு ஒரு முறையும் பார்க்க வேண்டும். ஏனென்றால் மாலையில் சரியாக இருந்த கட்டு வீக்கத்தால் இரவு பத்து மணிக்கு இறுகிவிடும். அப்போது எல்லாரும் தூங்கிக்கொண்டிருப்பார்கள்.

இனி மூன்றாவது கேள்வி. ஸ்ட்ரெச்சரில் ஒருவரைக் காட்டுப்பாதையில் தூக்க ஒரு நேரத்துக்கு ஆறு பேர் வேண்டும். சில நூறு மீட்டருக்கு ஒரு முறை ஆள் மாற்ற வேண்டுமென்றால் 18 பேர். வேகம் மணிக்கு ஒரு கிலோமீட்டர் கிடைத்தாலே நல்லது. ஒன்பது பேர் 14 கிலோமீட்டர் தூக்க முடியாது, அதுவும் ஏழு மணிக்கு மேல் இருட்டிவிடும். எனவே தங்குவதுதான் சரி. வழிகாட்டி ஒருவரும் குழுவில் ஒருவருமாக இருவரை அனுப்ப வேண்டும். தனியாக யாரையும் அனுப்பக்கூடாது. அவர்கள் கையில் ஒரு தாள் இருக்க வேண்டும்: நோயாளியின் வயது, காயம், நேரத்தோடு நாடித்துடிப்பும் சுவாச எண்ணிக்கையும், இடத்தின் ஆயத்தொலைவு, உங்களுக்கு என்ன வேண்டும், உதவி வரும்வரை நீங்கள் என்ன செய்வீர்கள். வாய்வழிச் செய்தி மூன்றாவது ஆளிடம் போகும்போது ‘கால் முறிவு’ ‘இடுப்பு முறிவு’ ஆகிவிடும்.

வெப்பமண்டலம்தானே என்று நனைந்த உடையோடு விடக்கூடாது. உடை மாற்றி, கீழே இரண்டு பாய் போட்டு, மேலே பிளாஸ்டிக் விரிப்பால் சுற்ற வேண்டும். அசையாமல் கிடக்கும் ஈரமான உடல் 22 டிகிரி இரவிலும் குளிர்ந்துபோகும். உடல் வெப்பத்தைப் பெரும்பாலும் தரைதான் உறிஞ்சும். அதனால் போர்வையைவிட அடியில் இருக்கும் பாய் முக்கியம்.

எந்தப் படிப்பு யாருக்கு

வகுப்புகள் பல பெயர்களில் இருக்கின்றன. வில்டர்னஸ் ஃபர்ஸ்ட் எய்ட் பொதுமக்களுக்கானது, 16 மணி நேரம், இரண்டு நாள். வில்டர்னஸ் ஃபர்ஸ்ட் ரெஸ்பாண்டர் 70 முதல் 80 மணி நேரம். மலையேற்ற வழிகாட்டிகள் இதைத்தான் எடுப்பார்கள். மருத்துவர், தாதி, துணை மருத்துவர் ஆகியோருக்குத் தனியாக மேம்பாட்டு வகுப்புகள் உண்டு. அவற்றில் உடற்கூறு பாடத்தை மறுபடி நடத்த மாட்டார்கள், நேரம் முழுவதும் களச்சூழலுக்குப் போகும். அட்வான்ஸ்டு வில்டர்னஸ் லைஃப் சப்போர்ட் என்பதும் இந்த வகை, சில நாட்களில் முடியும்.

அதற்கு மேல் போக விரும்பினால், 1983-இல் அமெரிக்காவில் தொடங்கிய வில்டர்னஸ் மெடிக்கல் சொசைட்டி, பாடங்களும் களப்பயிற்சியும் புள்ளிகளாகச் சேர்ந்த பிறகு ஃபெலோ பட்டம் தருகிறது. மலையில் மட்டும் ஆர்வம் என்றால் மலை மருத்துவ டிப்ளமா இருக்கிறது. 1997-இல் மூன்று சர்வதேச மலையேற்ற, மீட்பு, மலை மருத்துவ அமைப்புகள் சேர்ந்து அதன் பாடத்திட்டத்தை வகுத்தன. அதில் கயிறும் பனிக்கோடரியும் கட்டாயப் பாடம். புத்தகம் மட்டும் படித்து அதை வாங்க முடியாது, வாங்கவும் கூடாது.

சிங்கப்பூரில் கிடைப்பது பெரும்பாலும் முதல் இரண்டு படிகள். டிப்ளமாவுக்கு நேப்பாளம், பிரிட்டன், ஐரோப்பா என்று போக வேண்டும். எதிலும் சேருமுன் மூன்று விஷயங்களைக் கேளுங்கள்: மொத்த நேரத்தில் பாதியாவது வகுப்பறைக்கு வெளியே நடக்கிறதா? இருட்டில் ஒரு பயிற்சி உண்டா? உங்கள் தொழில் மன்றம் தொடர்கல்விப் புள்ளி தருமா? மூன்றாவதற்கு விடை பயிற்சி நிறுவனத்திடம் இல்லை, மன்றத்திடம்தான் இருக்கிறது. பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டுவிடுவது நல்லது.

தேசிய சேவையில் மருத்துவ உதவியாளராக இருந்தவர்களுக்குப் பாதிப் பாடம் பழக்கமாகவே இருக்கும், குறிப்பாக வெப்பம்.

வெப்பம்: நாம் ஏற்கெனவே வாழும் வனாந்தரம்

கடும் உழைப்பால் வரும் ஹீட் ஸ்ட்ரோக்கை இரண்டு அறிகுறிகள் காட்டும்: உள்ளுடல் வெப்பம் 40 டிகிரிக்கு மேல், கூடவே மூளைச் செயல்பாட்டில் மாற்றம். மூளை மாற்றம் என்றதும் மயக்கத்தையே எதிர்பார்க்க வேண்டாம். எரிச்சல், உளறல், தள்ளாட்டம், ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பது எல்லாமே இதில் சேரும். ‘தோல் வறண்டிருக்கும்’ என்று பழைய பாடநூல்கள் சொல்வது வயதானவர்களுக்கு வரும் வகைக்குப் பொருந்தும். ஓடியவருக்கும் மூட்டை சுமந்தவருக்கும் தோல் நனைந்தே இருக்கும். நம் காற்றின் ஈரப்பதத்தில் வியர்வை ஆவியாகாமல் வழிந்து ஓடுவதுதான் பிரச்சினையே.

இதனால்தான் வெறும் வெப்பநிலையைவிட, ஈரப்பதமும் வெயிலும் காற்றும் சேர்ந்த ஈரக்குமிழ்-கோள வெப்பநிலை (WBGT) அளவு இங்கே பயன்படுகிறது. 2023 முதல் சிங்கப்பூரின் வெப்ப அழுத்த ஆலோசனை 31 டிகிரிக்குக் கீழ் குறைவு, 31 முதல் 33 வரை மிதம், 33-உம் அதற்கு மேலும் அதிகம் என்று பிரிக்கிறது. வெளியில் கடும் உடலுழைப்பு செய்பவர்களுக்கு 33 டிகிரியைத் தொட்டால் மணிக்கு 15 நிமிட ஓய்வு தர வேண்டும் என்பது மனிதவள அமைச்சின் விதி. கட்டுமானத் தளத்தில் வேலை செய்யும் தம்பிகளுக்கு இந்த எண்கள் மனப்பாடம். மலையேறப் போகும் நிர்வாகிகளுக்குத் தெரிவதில்லை.

சிகிச்சையில் ஒரே விதி: முதலில் குளிர்விக்க வேண்டும், பிறகுதான் கொண்டுசெல்ல வேண்டும். உறுப்புகளைக் கெடுப்பது, வெப்பம் 40-க்கு மேல் எத்தனை நிமிடம் இருந்தது என்பதுதான். அரை மணி நேரத்துக்குள் இறக்கிவிட்டால் பெரும்பாலும் பிழைப்பார்கள். மிக வேகமான வழி, குளிர்ந்த நீரில் கழுத்துவரை அமிழ்த்துவது. தொட்டி இல்லாத இடத்தில் ஒரு தார்ப்பாயை நான்கைந்து பேர் ஓரங்களில் தூக்கிப் பிடித்து, நடுவில் நோயாளியைப் படுக்கவைத்து, நீரும் கிடைத்தால் ஐஸும் ஊற்றி, பாயை இருபுறமும் மெதுவாக ஆட்ட வேண்டும். நீர் நகராவிட்டால் உடலை ஒட்டிய நீர் சூடாகி அங்கேயே தங்கிவிடும், அதனால்தான் ஆட்டுவது. ஓடை இருந்தால் ஓடையே போதும். தலையை ஒருவர் விடாமல் பிடித்திருக்க வேண்டும். உள்ளுடல் வெப்பம் 39-ஐத் தொட்டதும் வெளியே எடுக்க வேண்டும், இல்லையென்றால் அது தானாகவே இன்னும் கீழே போய்விடும்.

தவறுகள் பெரும்பாலும் அளவீட்டில் நேரும். காது, நெற்றி வெப்பமானிகள் வியர்த்த தோலில் குறைத்துக் காட்டும். ஆசனவாய் வெப்பமானிதான் நம்பகமானது. கூச்சத்தால் அதைத் தவிர்ப்பவர்கள் உண்டு. அதுவும் இல்லையென்றால், உழைப்பின்போது குழம்பிய மனிதரை ஹீட் ஸ்ட்ரோக் என்றே எடுத்துக்கொண்டு குளிர்விக்கத் தொடங்க வேண்டும். பாராசிட்டமால் இதில் பயன்படாது. காய்ச்சலில் மூளை தன் வெப்ப இலக்கை உயர்த்துகிறது, அந்த மருந்து இலக்கை இறக்குகிறது. இங்கே இலக்கு மாறவே இல்லை, வெப்பம் வெளியேற வழியில்லாமல் தேங்கியிருக்கிறது.

இதோடு குழப்பிக்கொள்ளக்கூடியது ரத்தத்தில் சோடியம் குறைவது. மெதுவாக நடந்துகொண்டு, ‘தண்ணி குடி, தண்ணி குடி’ என்று எல்லாரும் சொன்னதால் லிட்டர் கணக்கில் வெறும் நீர் குடித்தவருக்கு இது வரும். தலைவலி, குமட்டல், விரல் வீக்கம், பிறகு குழப்பம், வலிப்பு. உள்ளுடல் வெப்பம் 40-ஐத் தொட்டிருக்காது. இவருக்கு வழக்கமான சலைன் ஏற்றுவது உதவாது, நிலையை மோசமாக்கவும் கூடும். தேவைப்படுவது 3 சதவீத சலைன், 100 மி.லி., பத்து நிமிட இடைவெளியில் மூன்று முறை வரை. அது இல்லாத காட்டில், விழுங்க முடிந்தவருக்கு மூன்று நான்கு சூப் கட்டிகளை அரை டம்ளர் நீரில் கரைத்துக் கொடுக்கலாம். சுவை சகிக்காது, வேலை செய்யும்.

உயரம்: கினபாலுவும் கைலாயமும்

3,000 மீட்டருக்கு மேல், தூங்கும் உயரத்தை ஓர் இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது, மூன்று நான்கு நாட்களுக்கு ஒரு முறை அதே உயரத்தில் ஓய்வு வேண்டும் என்பது வழிகாட்டுதல். கினபாலுவில் திம்போஹன் வாயில் 1,866 மீட்டரில் இருக்கிறது. முதல் இரவு தங்குமிடம் ஏறத்தாழ 3,270 மீட்டரில். நள்ளிரவு தாண்டி எழுந்து 4,095 மீட்டர் உச்சிக்குப் போகிறோம். முந்தின நாள் சிங்கப்பூரில் கடல் மட்டத்தில் இருந்தவர், ஒரே நாளில் 2,800 மீட்டருக்கு மேல் ஏறித் தூங்குகிறார். இது மிதமான ஆபத்துப் பிரிவு. ஓர் இரவு மட்டும் தங்கி இறங்கிவிடுவதால்தான் பெரும்பாலோர் தலைவலியோடு தப்பிக்கிறார்கள்.

கைலாயம் அப்படியல்ல. நேப்பாளம் வழியாகப் போகிறவர்கள் கிளம்பும் நேப்பாள்கஞ்ச் ஏறத்தாழ 150 மீட்டர். விமானத்தில் சிமிகோட் போனால் 2,900 மீட்டருக்கு அருகில். அங்கிருந்து ஹெலிகாப்டரில் ஹில்சா, 3,600 மீட்டருக்கு மேல். மானசரோவர் 4,590 மீட்டர் அளவில் இருக்கிறது. மலையைச் சுற்றிவரும் பரிக்கிரமாவில் டோல்மா லா கணவாய் 5,600 மீட்டரைத் தாண்டும். பயணிகளில் பலர் அறுபதைத் தாண்டியவர்கள், சர்க்கரை நோய்க்கும் ரத்தக்கொதிப்புக்கும் மருந்து எடுப்பவர்கள். கால அட்டவணையை வகுத்தவர் பயண முகவர், நுரையீரல் அல்ல. குழுவின் மருத்துவர் செய்யக்கூடிய மிகப் பெரிய வேலை, கிளம்புவதற்கு மூன்று மாதம் முன்பே அட்டவணையில் கூடுதலாக இரண்டு இரவுகளைச் சண்டை போட்டு வாங்குவது.

தடுப்புக்கு அசெட்டசோலமைடு 125 மி.கி., நாளுக்கு இரு முறை, ஏறுவதற்கு முந்தின நாளே தொடங்க வேண்டும். விரல் கூச்சமும் அடிக்கடி சிறுநீர் வருவதும் எதிர்பார்க்க வேண்டியவை. முன்கூட்டியே சொல்லாவிட்டால், பயந்துபோய் நிறுத்திவிடுவார்கள். உயர நோயை மதிப்பிடும் லேக் லூயிஸ் அளவுகோலில் தலைவலி கட்டாயம், மொத்தம் 3 புள்ளி வேண்டும். 2018 திருத்தத்தில் தூக்கக்குறைவை அதிலிருந்து எடுத்துவிட்டார்கள், ஏனென்றால் உயரத்தில் யாருமே நன்றாகத் தூங்குவதில்லை.

உயிரைப் பறிப்பவை இரண்டு. மூளை வீக்கத்துக்கு எளிய சோதனை, குதிகாலோடு கால்விரல் ஒட்டி நேர்க்கோட்டில் நடக்கச் சொல்வது. தள்ளாடினால் விவாதம் இல்லை, டெக்சாமெத்தசோன் 8 மி.கி. கொடுத்து, பிறகு ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை 4 மி.கி. நுரையீரல் நீர்க்கோர்ப்பின் முக்கிய அடையாளம், ஓய்வில் உட்கார்ந்திருக்கும்போதும் மூச்சு வாங்குவது. அதற்கு ஆக்சிஜன், அது இல்லையென்றால் மெதுவாகக் கரையும் நிஃபெடிபின் 30 மி.கி., 12 மணி நேரத்துக்கு ஒரு முறை. இரண்டுக்கும் உண்மையான மருந்து இறங்குவதுதான், குறைந்தது 300 மீட்டர், தேவைப்பட்டால் 1,000. இருட்டிலோ பனிப்புயலிலோ இறங்க முடியாதபோது காமோ பை என்ற காற்றழுத்தப் பையில் படுக்கவைத்துக் காலால் பம்ப் அடிக்கலாம். அது 1,500 மீட்டருக்கு மேல் இறங்கிய பலனைத் தற்காலிகமாகத் தரும். ஆனால் யாராவது விடாமல் மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும், இல்லையென்றால் உள்ளே கரியமில வாயு சேரும்.

“அம்மா நல்லாத்தான் இருக்காங்க டாக்டர், ராத்திரி தூக்கம் இல்ல, அவ்வளவுதான்” என்று மகன் சொல்வார். தரிசனத்துக்கு இன்னும் ஒரே நாள்தான் பாக்கி என்பதால் சொல்கிறார். அந்த நேரத்தில் ‘இறங்க வேண்டும்’ என்று சொல்லும் உறுதி மருந்துப்பையில் வராது. நல்ல வகுப்புகள் இதையும் நடித்துக் காட்டிப் பழக்குகின்றன. 1973-இல் தொடங்கிய ஹிமாலயன் ரெஸ்க்யூ அசோசியேஷன் நேப்பாளத்தின் பெரிச்சேயில், 4,200 மீட்டருக்கு மேல், பருவகாலத்தில் மருத்துவமனை நடத்துகிறது. அங்கே தன்னார்வ மருத்துவர்கள் மலையேறிகளுக்கு உயர நோய் பற்றி நாள்தோறும் பேசுவதும் இந்த அனுபவத்தின் அடிப்படையில்தான்.

மறக்க வேண்டியவையும் சேர்க்க வேண்டியவையும்

கழுத்துப்பட்டையும் பலகையும் விழுந்த எல்லாருக்கும் என்ற பழக்கத்தைக் களத்தில் விட வேண்டும். முழு நினைவு இருந்து, போதையில்லாமல், கழுத்து முதல் முதுகெலும்பு நெடுக அழுத்தினால் வலியில்லாமல், கைகால் உணர்ச்சியும் பலமும் சரியாக இருந்து, கவனத்தைச் சிதறடிக்கும் வேறு பெரிய காயமும் இல்லையென்றால், அவரை நடக்கவிடலாம். தேவையில்லாமல் கட்டிப்போட்டால் ஒரு நடக்கும் மனிதரை 18 பேர் தூக்க வேண்டிய சுமையாக்கிவிடுவோம்.

இடி தாக்கிய குழுவில் வரிசையை மாற்ற வேண்டும். அசைபவர்கள் பெரும்பாலும் பிழைப்பார்கள். இறந்தவர்போல் கிடப்பவரிடம்தான் முதலில் போக வேண்டும். நின்ற இதயம் தானாகவே துடிக்கத் தொடங்கலாம், ஆனால் சுவாசம் இன்னும் முடங்கியிருக்கும். அந்த இடைவெளியில் மூச்சு கொடுத்தால் உயிர் மீளும்.

பாம்புக்கடியில் ஊருக்கேற்ப சிந்திக்க வேண்டும். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கின் விஷத்துக்கு எதிராகத்தான் இந்திய நச்சுமுறி மருந்து செய்யப்படுகிறது. அதற்கான விஷத்தை எடுத்துத் தருவதில் செங்கல்பட்டு மாவட்டத்து வடநெம்மேலியில் உள்ள இருளர் கூட்டுறவுச் சங்கத்துக்கு, 1978-இல் தொடங்கியது, பெரும்பங்கு உண்டு. அந்த மருந்து மலேசியக் குழிவிரியனுக்கு உதவாது. ரத்தம் உறையுமா என்று பார்க்க, சுத்தமான உலர்ந்த கண்ணாடிக் குழாயில் 2 மி.லி. ரத்தம் எடுத்து, அசைக்காமல் 20 நிமிடம் வைத்துச் சாய்த்துப் பார்க்கலாம். பிளாஸ்டிக் குழாயிலும் சோப்புப் போட்டுக் கழுவிய குழாயிலும் நல்ல ரத்தமும் உறையாமல் நின்று ஏமாற்றும். கறுப்பு நாகம் கண்ணில் விஷத்தைத் துப்பினால் நிறைய தண்ணீரால் கழுவ வேண்டும், அவ்வளவுதான்.

காயங்களுக்கு, குடிக்கத் தகுந்த நீர் போதும், கிருமி நீக்கிய நீர் தேவையில்லை. குறைந்தது அரை முதல் ஒரு லிட்டர் எடுத்து 20 அல்லது 60 மி.லி. சிரிஞ்சால் அழுத்திப் பீய்ச்ச வேண்டும். நுனியை வெட்டிய பிளாஸ்டிக் பையால் செய்தால் அழுத்தம் போதாது. கடிக்காயத்தையும் மண் புகுந்த காயத்தையும் அங்கேயே தைத்து மூடக்கூடாது.

ஆற்றில் இறங்கும் பயணம் என்றால் எலிக்காய்ச்சல் எனப்படும் லெப்டோஸ்பைரோசிஸையும் நினைக்க வேண்டும். 2000-ஆம் ஆண்டு சாபாவில் நடந்த ஈகோ சேலஞ்ச் சாகசப் பந்தயத்துக்குப் பின், தொடர்புகொள்ளப்பட்ட 189 வீரர்களில் 80 பேருக்கு அந்த நோயின் அறிகுறிகள் இருந்தன. செகாமா ஆற்றில் நீந்தியவர்களுக்கு ஆபத்து அதிகமாக இருந்தது. வாரம் ஒரு முறை டாக்சிசைக்ளின் 200 மி.கி. என்ற தடுப்புமுறை இப்படிப்பட்ட பயணங்களுக்குத்தான்.

பை, படிவம், சட்டம்

முதல் பயணத்துக்கு மருத்துவர்கள் கட்டும் பை வழக்கமாக மிகக் கனமாக இருக்கும். மூச்சுக்குழாய்க்குள் செலுத்தும் இன்டியூபேஷன் குழாய் இருக்கும், பேதியை நிறுத்தும் மாத்திரை இருக்காது. பத்துப் பேர் ஒரு வாரம் போனால் அதிகம் செலவாவது கொப்புளப் பிளாஸ்திரி, பாராசிட்டமால், பேதிக்கான மருந்து, ஒட்டுநாடா. உயிர்காக்கும் பொருட்கள் சிலவே: அட்ரினலின், டூர்னிக்கே (ரத்தப்போக்கை நிறுத்த கைகாலில் இறுக்கும் பட்டை), ஆசனவாய் வெப்பமானி, குளுக்கோஸ் ஜெல். ஒவ்வாமை அதிர்ச்சிக்குப் பெரியவர்களுக்கு 0.5 மி.கி. அட்ரினலின் தொடையின் வெளிப்பக்கத் தசையில், தேவைப்பட்டால் ஐந்து நிமிடத்தில் மறுபடி. அதனால் ஒருவருக்கு ஒரு டோஸ் போதாது, நான்கைந்து ஆம்பூலாவது வேண்டும். உப்புச்சர்க்கரைப் பொட்டலம் தீர்ந்தால் ஒரு லிட்டர் நீரில் ஆறு சமமான தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு.

சிங்கப்பூர் மருத்துவ மன்றப் பதிவு ஜொகூர் பாலத்தைத் தாண்டினால் செல்லாது. வெளிநாட்டில் மருத்துவராகப் பணியாற்ற அந்நாட்டு அனுமதி வேண்டும். குழு மருத்துவராகப் போகிறவர், தம் தொழில்பொறுப்புக் காப்புறுதி வெளிநாட்டுப் பயணத்துக்கும் பொருந்துமா என்று எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். மார்ஃபின் போன்ற கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகளுக்கு இரு நாட்டு விதிகளையும் பார்க்காமல் எல்லை தாண்டக்கூடாது. பயணக் காப்புறுதிகளில் பல, குறிப்பிட்ட உயரத்துக்கு மேல் செல்லாது. ஹெலிகாப்டர் மீட்பு அதில் அடங்குமா என்பது தனிக் கேள்வி. ஒவ்வொருவரிடமும் உடல்நிலைப் படிவம் வாங்கும்போது ‘என்ன நோய்?’ என்பதைவிட ‘என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்?’ என்று கேளுங்கள். ‘எனக்கு ஒன்றும் இல்லை’ என்பவர் மூன்று மாத்திரை பெயர் சொல்வார்.

சான்றிதழ் இரண்டு மூன்று ஆண்டு செல்லும், கை அதற்கு முன்பே மறந்துவிடும். பழகுவதற்குக் காடு தேவையில்லை. வீவக அடுக்குமாடி புளோக்கின் படிக்கட்டில் நான்கு மாடி, ஒரு நண்பரைப் போர்வையில் தூக்கி இறங்கிப் பாருங்கள், 14 கிலோமீட்டர் என்றால் என்னவென்று புரிந்துவிடும். டூர்னிக்கேயை இருட்டில், ஒரே கையால், உங்கள் மற்றொரு கையில் கட்டிப் பழகுங்கள்: காயத்துக்கு ஐந்து முதல் ஏழு சென்டிமீட்டர் மேலே, மூட்டின் மீது இல்லாமல், கட்டிய நேரத்தை எழுதி. பழகப் பயன்படுத்தியதைப் பயிற்சிக்கென்றே தனியாக ஒதுக்கிவிட்டு, பயணப் பையில் புதியதை வையுங்கள். பலமுறை முறுக்கிய பட்டை தேவைப்படும் நாளில் இழுபட்டுவிடும்.